ஓசூரிலிருந்து ஒரு நாட்டு நாய் வருகிறது, அதற்குள் வீட்டில் எதையெல்லாம் சரி செய்வது? (தர்மபுரி)

நல்லம்பள்ளியான்

எல்லோருக்கும் வணக்கம். ஓசூரில் என் தங்கை வேலை பார்க்கும் கம்பெனி வாசலில் வளர்ந்த பெட்டை நாய் ஒன்று எங்கள் வீட்டுக்கு வரப்போகிறது. ஒன்று, ஒன்றரை வயது இருக்கும் என்கிறார்கள். கம்பெனி வேறு இடத்துக்கு மாறுகிறது. நாயை அப்படியே விட்டுவிட்டுப் போக அங்கே யாருக்கும் மனசில்லை. நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியாயிற்று, அடுத்த மாதம் கூட்டி வர வேண்டும்.

வீடு நல்லம்பள்ளி பக்கம். முன்னால் தார்சு, பின்னால் பழைய ஓட்டு வீடு. மூன்று பக்கம் காம்பவுண்டு, நாலாவது பக்கம் வேலி. நாட்டுக்கோழி கொஞ்சம் இருக்கிறது, ஒரு மாமரம் இருக்கிறது, ஆறு வயதுப் பையன் இருக்கிறான். அம்மா, "திண்ணையோடு நிற்கட்டும், நடு வீட்டுக்குள் வந்தால் நான் என் தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன்" என்கிறார். வீட்டுக்காரம்மாவோ ஆன்லைனில் மெத்தை, கூண்டு, ரப்பர் எலும்பு, ரெயின்கோட் வரைக்கும் எடுத்து வைத்துவிட்டார். தர்மபுரியில் நாய்க்கு ரெயின்கோட்! பணம் கட்டுவதற்கு முன்னால் இங்கே கேட்டுக்கொள்ளலாம் என்று வந்தேன். நாங்கள் நாய் வளர்ப்பது இதுதான் முதல் தடவை.

தக்காளி மண்டி (பாலக்கோடு)

முதலில் அந்த ரெயின்கோட்டை எடுத்துவிடுங்கள் அண்ணா. மெத்தையும் வேண்டாம். தெருவில் வளர்ந்த நாய் புது மெத்தையைப் பிய்த்துப் பஞ்சாக்கிவிட்டுத் தரையில் படுத்துக்கொள்ளும். பழைய ஜமுக்காளம் ஒன்றை நாலாக மடித்துப் போட்டால் போதும். அதை இப்போதே தங்கையிடம் கொடுத்தனுப்பி, நாய் அங்கே படுக்கும் இடத்தில் சில நாள் போட்டு வைக்கச் சொல்லுங்கள். வரும்போது அதையும் சுருட்டிக் கொண்டு வந்தால், புது வீட்டில் அதற்குத் தெரிந்த வாசனையாக ஒன்றாவது இருக்கும்.

காசு செலவு பண்ணுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள், குனிந்து தரையை ஒட்டிப் பார்த்தபடி. அரிசி மூட்டைக்குப் பின்னால் எலி கேக் வைத்திருக்கிறீர்களா? வைத்த ஆளுக்கே மறந்து போயிருக்கும். வாஷ்பேசினிலும் பீரோவிலும் கிடக்கும் அந்துருண்டை நாய்க்கும் பூனைக்கும் விஷம். பூந்தொட்டிக்கு ஆமணக்குப் புண்ணாக்கு போடுகிற வழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்துங்கள். அந்த வாசனைக்கே நாய் தொட்டியைக் கிளறித் தின்னும், ஆமணக்கில் இருக்கும் ரைசின் ஆளையே கொல்லும் விஷம். அரளி வேலி இருந்தால் வெட்டிய கிளைகளைக் கீழே போட்டு வைக்காதீர்கள். மாத்திரை டப்பா ஜன்னல் திட்டில் இருந்தால் மேல் அலமாரிக்குப் போகட்டும்.

தண்ணீர்த் தொட்டி மூடியையும் பாருங்கள். பாதி மூடி, பாதி தகரம் என்று நம்மூரில் முக்கால்வாசி வீட்டில் இருக்கும். குட்டி நாய் மட்டும்தான் விழும் என்றில்லை, ராத்திரி ஓடுகிற பெரிய நாயும் விழும்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

மாமரம் இருக்கிறது என்றீர்களே, அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். சீசனில் விழும் பழத்தை நாய் ஆசையாகத் தின்னும். சதை போனால் பரவாயில்லை, கொட்டையை விழுங்கினால்தான் வம்பு. குடலில் மாட்டிக்கொண்டால் ஆபரேஷன் இல்லாமல் வெளியே வராது. வைகாசி, ஆனி இரண்டு மாதமும் காலையில் கேட்டைத் திறப்பதற்கு முன்பே மரத்தடியைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். பழம் தின்று கொட்டையை வாசலில் வீசுகிற பழக்கத்தையும் வீட்டில் எல்லோரும் விட வேண்டும். நாய் திடீரென்று சாப்பாட்டை மறுத்து, குடித்த தண்ணீரையும் வாந்தி எடுத்தால் "சூடு பிடித்திருக்கும்" என்று மோர் ஊற்றிக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வேலி விஷயம்: நாய் வேலியைத் தாண்டுவதை விட அடியில் தோண்டிப் போவதுதான் அதிகம். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த வேலியாக இருந்தால் கீழ் வரிசையில் கோழி வலை கட்டி, வலையின் அடிப்பகுதியை ஒரு முழம் உள்பக்கமாக மடக்கி மண்ணில் புதையுங்கள். மேலே கல்லை அடுக்கிவிடுங்கள். நம்ம பக்கம் கல்லுக்கா பஞ்சம்! கேட் கம்பிகளுக்கு நடுவிலும் தலையை விட்டுப் பாருங்கள், அதாவது பையன் தலையை அல்ல.

நல்லம்பள்ளியான்

எலி கேக் இருந்தது. அம்மா வைத்தது, அம்மாவுக்கே நினைவில்லை. தொட்டி மூடியும் நீங்கள் சொன்ன மாதிரிதான், பாதி தகரம். வெல்டிங் கடையில் சொல்லியிருக்கிறேன்.

கோழிக்கு என்ன செய்வது? அதுதான் எனக்குப் பெரிய கவலை. அப்புறம் ஊசி. எங்கே, எப்போது?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (அரூர்)

தம்பி, ஊசியை நான் சொல்கிறேன், கோழியை அப்புறம் பார்ப்போம்.

முதலில் நாயின் காதைப் பாருங்கள். காது நுனியில் வி வடிவத்தில் சின்ன வெட்டு இருந்தால் ஏற்கெனவே கருத்தடை செய்த நாய் என்று அர்த்தம். தெரு நாய்களுக்கு ஆபரேஷன் செய்து அதே இடத்தில் விடும்போது அடையாளத்துக்கு அப்படி வெட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அப்போதே வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டிருப்பார்கள், ஆனால் சீட்டு கையில் இல்லை என்றால் போடாததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த நாய்க்கு ரேபிஸ், அதாவது வெறிநோய் ஊசி இப்போது ஒன்று, பிறகு டாக்டர் சொல்லும் தேதியில், அப்புறம் வருஷா வருஷம். குட்டியாக இருந்தால் மூன்று மாதம் ஆன பிறகுதான் ரேபிஸ் ஊசி. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கொடிய நாய் நோய்களுக்குச் சேர்த்துப் போடுவதைக் கடைகளில் செவன்-இன்-ஒன், நைன்-இன்-ஒன் என்பார்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டு "ஊசி போட்டும் செத்துப்போச்சு" என்று சொல்பவர்கள்தான் அதிகம். குடற்புழு மருந்தும் உண்டு. அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனாலே எல்லாம் சொல்வார்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம், அதை ஒட்டி இலவச ஊசி முகாம்கள் நடக்கும். நாயைத் தூக்கிவர முடியாத அவசரம் என்றால் 1962-க்குப் போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ்.

இதைப் பையனுக்காகச் சொல்கிறேன். நாய் விளையாட்டாகப் பல் பட வைத்தாலும் நகம் கீறி ரத்தம் வந்தாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் கூடாது. நேராக அரசு மருத்துவமனை, ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடுவார்கள். "நம்ம வீட்டு நாய்தானே" என்று நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள், டாக்டர் தீர்மானிக்கட்டும்.

இன்னொரு கேள்வி. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இந்த ஒரு வருஷத்தில் குட்டி நாய் ஏதாவது ரத்தக் கழிச்சலில் செத்ததா? அப்படியானால் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் அதைக் கொல்லாது, பிளீச்சிங் பவுடர்தான் கொல்லும். சிமெண்ட் தரையைக் கழுவலாம், மண் தரையை ஒன்றும் செய்ய முடியாது. அந்த மாதிரி இடத்துக்கு ஊசி முடியாத குட்டியைக் கொண்டுவராதீர்கள்.

வாசல் காவல் (பென்னாகரம்)

எதற்கு இவ்வளவு? எங்கள் அப்பா காலத்தில் நாய்க்கு வாசலில் ஒரு சங்கிலி, ஒரு அலுமினியத் தட்டு. அவ்வளவுதான். பன்னிரண்டு பதிமூன்று வருஷம் வாழ்ந்தது. நாயை வீட்டுக்குள் விட்டால் காவலுக்கு ஆகாது. அம்மா சொல்வதுதான் சரி.

கெலமங்கலம் காடு

காவல் ஐயா, உங்கள் அப்பா காலத்து நாய் பகலில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு ராத்திரி மட்டும் சங்கிலிக்கு வந்திருக்கும். இப்போது ஆள்கள் இருபத்து நாலு மணி நேரமும் கட்டிப்போடுகிறார்கள். நாலடிச் சங்கிலியிலேயே வளரும் நாய் காவல் காக்காது, வருகிறவன் போகிறவன் எல்லோரையும் கடிக்கும். நியாயமில்லாத நேரத்துக்குக் குட்டைச் சங்கிலியிலோ கனமான சங்கிலியிலோ கட்டி வைப்பது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தில் குற்றமாகவே இருக்கிறது.

எங்கள் பக்கம் தேன்கனிக்கோட்டை வரைக்கும் காடு. வெளியே கட்டிய நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போகும், சங்கிலியில் இருந்தால் ஓடவும் முடியாது. நல்லம்பள்ளியில் சிறுத்தை வராது என்று வைத்துக்கொள்ளலாம், கண்ணாடி விரியன் வருமே? கோழி இருக்கும் இடத்தில் தீனி சிந்தும், தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். செங்கல் குவியல், விறகுக் குவியல் எல்லாவற்றையும் நாய் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். ராத்திரி உள்ளே படுப்பதுதான் நல்லது. திண்ணைக்குக் கம்பி அடைப்பு போட்டுக் கதவு வைத்தால் அம்மாவுக்கும் சம்மதம், நாய்க்கும் பாதுகாப்பு.

ராயக்கோட்டை அக்கா

திண்ணை யோசனை நல்ல யோசனை. ஆனால் மேலே என்ன கூரை? தகரம் என்றால் சித்திரையில் அடியில் நிற்கவே முடியாது, ஆஸ்பெஸ்டாஸும் அப்படித்தான். மேலே தென்னங்கீற்று போடுங்கள். கீழே படுக்க கிரானைட் அறுக்கும் இடத்தில் ஒரு கழிவுத் துண்டு கேட்டு வாங்குங்கள். பாலிஷ் போட்டது வேண்டாம், கால் வழுக்கும். சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும். வெயில் காலத்தில் நாய் அதை விட்டு எழுந்திருக்காது. தண்ணீருக்கு அகலமான மண்தொட்டி. பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போடும்.

அப்புறம் உண்ணி. பழைய ஓட்டு வீடு என்றதுமே எனக்கு இதுதான் தோன்றியது. நாய் மேல் இருப்பதைப் பிடுங்கினால் உண்ணி போய்விடும் என்று நினைக்கிறோம். ரத்தம் குடித்துக் கொழுத்த பெட்டை உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் ஏறும், வெடிப்பிலும் கதவு நிலைக்குப் பின்னாலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாயைச் சுத்தம் பண்ணிய பத்தாம் நாள் மறுபடியும் உண்ணி வருவது இதனால்தான். நாய் வருவதற்கு முன்பே திண்ணைச் சுவரின் வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைத்து வெள்ளை அடித்துவிடுங்கள். நாய் வந்த பிறகு அந்த வேலை ஆகாது. உண்ணிக் காய்ச்சல் வந்து ரத்தம் குறைந்து போகும் நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய் தடவுவது, மாட்டுக்கு அடிக்கும் மருந்தை அளவில்லாமல் கலந்து ஊற்றுவது, இரண்டும் கூடவே கூடாது. எடை பார்த்து டாக்டர் கொடுப்பதை மட்டும் போடுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன உத்தேசம்?

நல்லம்பள்ளியான்

களிதான் அக்கா. எங்கள் வீட்டில் தினமும் ராகிக் களி உண்டு. குழம்பு ஊற்றிப் பிசைந்து வைக்கலாம் என்று அம்மா சொன்னார். (நடு வீட்டுக்கு வரக்கூடாது என்று சொன்ன அதே அம்மாதான்.)

ராயக்கோட்டை அக்கா

களி கொடுக்கலாம், குழம்புதான் ஆகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். வெந்தாலும் அந்தக் குணம் போகாது. ஒருநாள் ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது, தினமும் சாம்பார் சோறு போட்டால் ஆகும். களியைத் தண்ணியாகக் கரைத்து அவித்த முட்டை, இல்லாவிட்டால் உப்பும் மசாலாவும் போடாமல் வேக வைத்த கோழி, ஈரல் கலந்து வையுங்கள். களி மட்டுமே போட்டால் வயிறு நிறையும், உடம்பு பிடிக்காது. வெந்த கோழி எலும்பு போட வேண்டாம், ஊசி மாதிரி உடையும். திராட்சை, சாக்லேட் வேண்டாம். பையனிடம் இதைச் சொல்லி வையுங்கள், பாசத்தில் அவன்தான் கொடுப்பான்.

ஒன்று கேளுங்கள்: கம்பெனியில் இப்போது என்ன தின்கிறது? கேன்டீன் சோறும் பிஸ்கட்டும் என்றால் முதல் வாரம் அதையே கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். இடமும் மாறி ஆளும் மாறி சாப்பாடும் ஒரே நாளில் மாறினால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

பழையபேட்டை மாடி (கிருஷ்ணகிரி)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு நாய் இல்லை, பூனை. மாடி போர்ஷன், வாடகை. நாலு மாதப் பூனைக்குட்டி ஒன்றைத் தோழி தருகிறாள். ஹவுஸ் ஓனர் வாயால் சரி என்றார். அக்கா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், "கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையா" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். தனி இழை தொடங்கட்டுமா?

தக்காளி மண்டி (பாலக்கோடு)

இங்கேயே இருக்கட்டும். எங்கள் வீட்டில் பூனைதான், மண்டிக்கு வந்த தக்காளி டிரேயில் பிறந்தவை. அந்த டிரேதான் கேரியரும்: இரண்டை எடுத்து ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து நாலு மூலையிலும் கேபிள் டை போட்டால் காற்றும் வரும், ஆட்டோவில் கொண்டு போகவும் வசதி.

பூனைக்கு முதலில் முழு வீட்டையும் காட்டாதீர்கள். ஒரே ஒரு அறை. சாப்பாடு ஒரு மூலை, மண் டப்பா எதிர் மூலை, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டி. அது பெட்டிக்குள்ளேயே இரண்டு நாள் கிடந்தாலும் இழுத்து வெளியே போடாதீர்கள். ஆனால் ஒரு முழு நாள் சாப்பிடவே இல்லை என்றால் டாக்டரைக் கேளுங்கள். மண் டப்பாவுக்குக் கடைச் சரக்குதான் வேண்டும் என்றில்லை, மர மில்லில் கிடைக்கும் மரத்தூள் அல்லது சலித்த மணல் போதும்.

பூனை உள்ள வீட்டில் நான் முதலில் பார்ப்பது பூக்கட்டும் நூலைத்தான். சாயங்காலம் மல்லி கட்டிவிட்டு நூல்கண்டைத் தரையில் விட்டுவிடுவோம். பூனையின் நாக்கு சொரசொரப்பு, பிடித்த நூலை வெளியே துப்ப அதனால் முடியாது, உள்ளேதான் போகும். குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ பின்னாலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, அப்படியே டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். அடுத்தது பாராசிட்டமால். காய்ச்சல் என்று நினைத்துக் கொடுக்கும் ஒரு மாத்திரையே பூனையின் உயிரை எடுக்கும். பினாயில் ஊற்றித் துடைத்த ஈரத்தில் நடந்து பாதத்தை நக்கினாலும் ஆபத்து. நாய்க்குப் போடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்து இருந்தால் பூனை பக்கமே கொண்டுவரக் கூடாது. மாடி என்பதால் பால்கனிக்கு வலை கட்டாயம். கொசுவலை துணி போதாது, கிழித்துவிடும். இரும்பு வலை அடியுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (அரூர்)

கர்ப்பிணி விஷயத்துக்குப் பதில். பயப்படும் நோய்க்கு டாக்ஸோபிளாஸ்மா என்று பெயர். பூனையின் மலத்தில் வெளிவரும் முட்டைக்கு ஒட்டும் சக்தி வர ஒரு நாள் முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே மண் டப்பாவை வேறு யாராவது தினமும் தவறாமல் சுத்தம் செய்துவிட்டால் பெரிய அபாயம் இல்லை. உங்கள் அக்கா அதைத் தொட வேண்டாம். பூனைக்குப் பச்சைக் கறி போடாதீர்கள், வீட்டை விட்டு வெளியே விடாதீர்கள், எலி பிடித்தால்தானே நோய் வரும். மனிதர்களுக்கு இது சரியாக வேகாத கறியிலிருந்தும் மண் ஒட்டிய காய்கறியிலிருந்தும் கூட வரும், அதைச் சொந்தக்காரர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். அக்காவின் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்காரர் வாயால் சொன்னது போதாதம்மா. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். நாளைக்கு அவர் மகன் வந்து வேறு பேசுவார்.

பழையபேட்டை மாடி (கிருஷ்ணகிரி)

ரொம்ப நன்றி சார். பால்? பூனை என்றால் பால்தானே?

தக்காளி மண்டி (பாலக்கோடு)

நிறையப் பூனைக்குப் பால் செரிக்காது, கழியும். தயிர்ச் சோற்றில் வளர்ப்பதும் சரியில்லை. பூனைக்குக் கறியோ மீனோ இல்லாமல் முடியாது, அதில் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். சைவ வீடு என்றால் பூனை எடுக்கும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

நல்லம்பள்ளியான்

இதுவரை ஆனது: தொட்டி மூடி வந்துவிட்டது. வேலியில் வலை கட்டியாயிற்று. திண்ணைச் சுவருக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்திருக்கிறார். திண்ணைக் கம்பிக் கதவுக்கு அம்மா சம்மதம், காலையில் சோறு வைப்பது அம்மா, ராத்திரி வைப்பது நான், நடத்திக் கூட்டிப் போவது வீட்டுக்காரம்மா என்று பேசி முடித்தோம். பையன் சோறு தின்னும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான், அந்தச் சத்தியத்தை நான் நம்பவில்லை, ஆகவே கதவுக்குத் தாழ்ப்பாள் மேலே. ஆன்லைன் கூடையில் இப்போது கழுத்துப் பட்டையும் கயிறும் மட்டும்தான் மிச்சம்.

ஓசூரிலிருந்து கார், கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். வழியில் என்ன கவனிக்க வேண்டும்? கோழிக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை!

கெலமங்கலம் காடு

கழுத்துப் பட்டை மட்டும் போதாது. பயந்த நாய் பின்னால் இழுத்தால் தலை உருவிக்கொண்டு வந்துவிடும். மார்போடு சுற்றும் ஹார்னஸ் ஒன்று வாங்கி இரண்டிலும் கயிறு மாட்டுங்கள். புது நாய்கள் தொலைவது பெரும்பாலும் முதல் நாளில்தான், அதுவும் கார் கதவைத் திறக்கும் நொடியில். வழியில் டீக்கடையில் நிறுத்தினால் கயிறு கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவு. பட்டையில் போன் நம்பர் எழுதிக் கட்டுங்கள். கிளம்புவதற்கு மூன்று நாலு மணி நேரம் முன்னால் சாப்பாடு நிறுத்துங்கள், வாந்தி குறையும்.

நாள் பார்த்துக் கூட்டி வாருங்கள் என்பேன், பஞ்சாங்கத்தில் அல்ல. தீபாவளி வாரம் வேண்டாம், ஊரில் மாரியம்மன் திருவிழா இருந்தால் அந்த வாரமும் வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் பொங்கலை ஒட்டி எருது விடும் விழா நடக்கும் நாள்களில் நான் புது நாய் எடுக்கவே மாட்டேன். வந்த அன்று அக்கம்பக்கத்தாரை வேடிக்கை பார்க்கக் கூப்பிடாதீர்கள்.

வாசல் காவல் (பென்னாகரம்)

சரி, கம்பி போட்ட திண்ணை வரைக்கும் நானும் ஒத்துக்கொள்கிறேன். கோழிக்கு நான் சொல்கிறேன், இது எனக்குத் தெரிந்த வேலை. நாய் வந்ததும் கோழிகளை அடைத்து வையுங்கள். மேயவிட வேண்டாம். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தூரத்தில் உட்காருங்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பினால் ஒரு துண்டு ஈரல். திரும்பவே இல்லை, உடம்பு விறைத்து வெறித்துப் பார்க்கிறது என்றால் இன்னும் தள்ளிப் போங்கள். தினமும் கொஞ்ச நேரம், வாரக்கணக்கில். அடிக்கக் கூடாது, அடித்தால் நீங்கள் இருக்கும்போது மட்டும் ஒழுங்காக இருக்கும்.

ஒளிவுமறைவு இல்லாமல் சொல்வதானால், ஏற்கெனவே கோழி பிடித்துத் தின்று பழகிய தெரு நாய் முழுசாகத் திருந்துவது கஷ்டம். தங்கையிடம் கேளுங்கள். அப்படிப்பட்டது என்றால் கோழிக்கு நிரந்தர அடைப்புதான், நாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

நல்லம்பள்ளியான்

கேட்டேன். கம்பெனி பக்கம் கோழியே இல்லையாம், புறாவை மட்டும் துரத்துமாம்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (அரூர்)

புறாவைத் துரத்துகிற நாய் கோழியைப் பார்த்துக் கும்பிடாது தம்பி. கூண்டுத் தாழ்ப்பாள் எந்த வகை? மேலே தூக்கும் கொக்கியாக இருந்தால் மூக்கால் தள்ளியே திறந்துவிடும். நாதாங்கி போட்டு, அதில் ஒரு ஆணியைச் சொருகி வையுங்கள்.